மூன்றாம் ஷிப்டில் ஒரு பேய்க்கணவாய்

இரண்டே கால் மணி.
ஐந்தாம் வெஸல் அறுபது டிகிரியில் உருள்கிறது.
சாயங்காலம் தூத்துக்குடி லாரி இறக்கிய உப்பு
மூட்டை மூட்டையாய் அதற்குள் போய்விட்டது.
உப்பு இல்லாவிட்டால் நூல் சாயத்தைப் பிடிக்காது.
அலை என்று ஒன்றைக் கேட்டறியாத வீரபாண்டியில்
ராத்திரிக்கு ஒரு கடல் காய்ச்சுகிறோம்,
விடிந்ததும் அதை ஆவியாக்கி
உப்பை மட்டும் திரும்ப எடுத்துவைக்கிறோம்.

லேபில் நான், லைட் பாக்ஸ், போன்.
போனில் ஒரு பேய்க்கணவாய் தூங்குகிறது
கண்ணாடித் தொட்டியின் சுவரில் எட்டுக் கையும் ஒட்டி.
முதலில் வெள்ளை. வடித்த கஞ்சி வெள்ளை.
ஒரு இழுப்பு இழுத்ததும்
தலையிலிருந்து மஞ்சள் வழிகிறது.
அப்புறம் இருட்டு,
அரக்குச் சாயம் டிரம்மோடு கவிழ்ந்த மாதிரி.
அப்புறம் தோல் முழுக்கச் சரளை எழும்பி
பாசி பிடித்த பாறையாகிறது.
தொட்டியில் பாறை இல்லை.
நண்டு இல்லை, துரத்தி வர மீன் இல்லை.
தூக்கத்துக்குள் யாரிடமிருந்தோ ஒளிகிறது.

கனவு என்கிறார்கள் சிலர்.
நரம்பு சும்மா துடிக்கிறது என்கிறார்கள்.
எனக்கு அது லேப் டிப் மாதிரி இருந்தது:
ஏ, பி, சி என்று துண்டு துண்டாய் அடித்துப் பார்க்கிறது,
பகலில் எது தேறும் என்று.

வீரக்குமார் அண்ணன் டீயோடு வந்தார்.
“என்னங் அம்முணி அது, ஜவ்வாட்ட?”
காட்டினேன். நின்றபடி பார்த்தார்.
“இப்ப என்ன கலருங்?”
அரக்கு, என்றேன்.
“இப்ப?”
பச்சைங்ண்ணா, பாசிப் பச்சை.
“இப்ப?”

பதினோரு வருசம்.
ஈரத் துணியைக் கன்னத்தில் அழுத்தி,
முகர்ந்து, பிழிந்த தண்ணியை விரலில் உருட்டி
“மஞ்ச ஒரு பொட்டுப் பத்தாதுங்” என்பார்.
மெஷினில் வைத்தால் அதே பொட்டைத்தான் அதுவும் சொல்லும்.
அவர் கை வைத்த லாட் ஒன்றுகூடத் திரும்பியதில்லை.
சிக்னலில் மட்டும், பின்னால் உட்கார்ந்திருந்தால்,
முன் வண்டி நகர்ந்த பிறகே அவர் நகர்வதை
கவனித்திருக்கிறேன்.
கவனித்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தேன்.

“வெசாளக்கெழம டெஸ்டுங்களாமா.”
ஆமாங்ண்ணா.
டென்மார்க் பையர் அனுப்பிய பெட்டி,
எண்பத்தைந்து வட்ட மூடி,
சிவப்பிலிருந்து பச்சைக்கு ஒன்று பக்கத்தில் ஒன்றாய்.
ஷேடு தொடும் எல்லாருக்கும்.
மூடிகளின் மேல் விரல் படக்கூடாது.

டீயை அவர் குடிக்கவில்லை, நானும் குடிக்கவில்லை.
சொல்ல வேறெதுவும் இல்லாமல்
வீடியோவின் கடைசியில் வந்ததைச் சொன்னேன்:
அதுக்குக் கலர் தெரியாதாமுங்ண்ணா.
கண்ணுல ஒரே ஒரு வகை அணுதான், எல்லாமே சாம்பல்.
ஆனா மணல்ல படுத்தா மணல், பவளத்துல படுத்தா பவளம்.
எப்புடீன்னு இன்னும் அடிச்சுக்கறாங்க.
தோலே பாக்குதோ என்னமோன்னு சொல்றாங்க.

அண்ணன் கையைத் திருப்பிப் பார்த்தார்.
நகக்கண்ணில் நேற்றைய டர்க்காய்ஸ்.
அது அவருக்கு என்னவாகத் தெரிகிறது
என்று கேட்க நாக்கு வரை வந்தது.

“மறுக்காப் போடுங்.”
போட்டேன்.
இந்தத் தடவை கேட்கவில்லை.
சரளை எழும்பியபோது அவராகவே
“பச்சைங்” என்றார். பச்சைதான்.
அடுத்ததைத் தவறாகச் சொன்னார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அதற்கடுத்ததும் தவறு.
அப்போதும்தான்.

ஐந்தாம் வெஸல் விசில் அடித்தது.
டம்ளரை உப்பு மூட்டை மேல் வைத்துவிட்டு
துணி எடுக்க ஓடினார்.
கத்திரிக்கோலோடு நானும் பின்னால்.
மேஜையில் போன் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
அது எந்த நிறத்தில் கண்விழித்ததென்று
இரண்டு பேருமே பார்க்கவில்லை.