மூன்று பவுண்டு காற்று

விவாகரத்துத் தாளில் எல்லாம் எழுதியாகிவிட்டது.
வீடு எனக்கு, அதன் கடனும் எனக்கு.
படகு தோர்லேய்வுருக்கு.
நாய் யாருக்குமில்லை,
அது அடுத்த வீட்டுக்காரியைத் தேர்ந்துகொண்டது.
மிச்சமிருந்தது
எண்பத்தெட்டாம் வருடத்து பாட்ரோல்.

முன்பக்கச் சக்கரக் கவசங்களை அவன் அறுத்திருந்தான்.
பின்பக்கம் அப்படியே இருந்தது.
பாதி அறுத்த வண்டியை
அகுரேய்ரியில் எவன் வாங்குவான்?

"வியாழக்கிழமைகளில் வருகிறேன்" என்றான்.
"சாவி கொட்டகை ஆணியில் தொங்கும்,
வீட்டுக் கதவைத் தட்டாதே" என்றேன்.

அப்படிப் போனது அந்தக் குளிர்காலம்.
மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊரில்
ஒற்றை விளக்கின் கீழ் இரண்டு பேர்,
பேசுவதற்கு ஒரே விஷயம்.
முப்பத்தெட்டு அங்குல டயர்
ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் எங்கே உரசும்?
பின் அச்சை இன்னும் எத்தனை விரற்கடை தள்ளலாம்?
துருவோ துரு.
சுத்தியலால் தட்டினால்
தரைத்தகடு அப்பளமாக நொறுங்கியது.
டிஃபரன்ஷியலின் மூச்சுக்குழாயை நீட்டி
பானட்டுக்குள் உயரக் கட்டினேன்,
ஆற்றில் இறங்கும்போது அதற்கும்
மூக்கு தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டுமே.
அவன் அளந்தான், நான் அறுத்தேன்.
மணமாகி இருந்த காலத்தில்
அளக்காமலே அறுத்துக்கொண்டிருந்தோம்.

டயரின் ஓரத்தை விளிம்போடு பசை போட்டு ஒட்டும்போது
நான்காவது சக்கரத்தில் பசை தீர்ந்துபோனது.
வழித்து வழித்துத் தடவிவிட்டு
"போதும்" என்றான்.
அந்தப் "போதும்" எனக்குத் தெரியும்.
பதினோரு வருடம் கேட்டது.

மார்ச்சில் ஹோஃப்சயோகுல் பனிமேட்டுக்குப் புறப்பட்டோம்.
பின் இருக்கையில் ஸ்வான்போர்க், அவனுடைய புதியவள்,
மடியில் ஒரு பெரிய ஃபிளாஸ்க்.
அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.
இருந்தது.
ஆனால் ஆட்டிறைச்சி சூப் நன்றாக இருந்தது.

பனி தொடங்கும் இடத்தில் நிறுத்திக் காற்றை இறக்கினோம்.
இருபத்தைந்து, பதினைந்து,
எட்டு,
மூன்று.
டயர்கள் தொப்பை சரிய உட்கார்ந்தன.
பார்க்கிறவர்களுக்கு நான்கும் பஞ்சர்.
"இப்படியா போகும்?" என்றாள் ஸ்வான்போர்க்.
இப்படித்தான் போகும்.
விறைத்து நின்றால் தனக்கே குழி தோண்டும்.
தளர்ந்தால் மிதக்கும்.

நான்கு மணி நேரம் மிதந்தோம்.
வெள்ளை, அதற்குமேல் இன்னும் வெள்ளை,
எங்கே தரை முடிந்து வானம் தொடங்கியது என்று
ஜிபிஎஸ்ஸுக்குக்கூட நிச்சயமில்லை.

ஒரு சரிவில் வலது பின் டயர்
விளிம்பைவிட்டுக் கழன்றது.
பசை தீர்ந்த அதே சக்கரம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் என் பக்கம் திரும்பவில்லை.
ஸ்வான்போர்க் எங்கள் இருவரையும் பார்த்தாள்.

பலகை போட்டு ஜாக்கி வைத்தோம்.
அவன் ஈதர் கேனை டயருக்குள் பீய்ச்சினான்.
என் முதல் தீக்குச்சியைக் காற்று தின்றது,
இரண்டாவதையும்.
மூன்றாவதற்கு அவன் கையுறையைக் கழற்றி
உள்ளங்கைகளால் ஒரு கூடு கட்டினான்.
உரசினேன், எறிந்தேன்.

தொம்!

நீலச் சுவாலை ஒரு சுற்று சுற்றி
டயரைத் தூக்கி இடத்தில் உட்காரவைத்தது.
என் இடது புருவம் போயிற்று.
அவன் தாடி கருகிய நாற்றம் அடித்தது.
"சூடு ஆறுவதற்குள் கம்ப்ரசர்!" என்று கத்தினேன்.
அவன் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தான்.
சரியாக மூன்று பவுண்டு.
பனியில் உட்கார்ந்திருந்த ஸ்வான்போர்க்
அலறி முடித்து, பிறகு சிரித்து முடித்து,
"இன்னொரு தடவை செய்யுங்களேன்" என்றாள்.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள்.
முதல் மேட்டிலேயே கியர் கறுக்கென்று கடித்தது.
"கிளட்ச்!" என்றோம்
நானும் அவனும், ஒரே குரலில்,
ஒரே எரிச்சலில்.

அதன்பிறகு கொஞ்ச தூரத்துக்கு
ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.
வெளியே பார்க்க ஒன்றுமே இல்லை.