மணிக்கட்டோடு நிற்கும் கரை

பத்தரமுல்ல, பதினோராம் கருமபீடம்.
கண்ணாடித் தட்டில் என் வலது பெருவிரல்.
"ஆயெத்" என்கிறாள் உத்தியோகத்தர்ப் பெண்,
திரும்பவும்.
சேலைத் தலைப்பில் துடைத்து வைக்கிறேன்.
ஆயெத்.
டெட்டோல் மணக்கும் பஞ்சால் அவளே ஒற்றிவிட்டு,
ஆயெத்.
இடது கை, சுட்டுவிரல், மோதிரவிரல்.
பத்தையும் கொடுத்தாயிற்று.
திரையில் பத்து வெறும் பெட்டிகள்.

என் கையைப் புரட்டிப் பார்க்கிறாள்.
மெழுகை ஊற்றி ஆறவிட்டதுபோல் மஞ்சள்,
நடுவே வெடிப்புகள்,
மணிக்கட்டு வந்ததும் சட்டென்று நின்று
வேட்டிக் கரைபோல் ஒரு சிவப்புக் கோடு.
அதற்கு மேலே நான் எல்லாரையும் போலத்தான்.

உடுப்புத் தோய்க்கிற வேலையா, என்கிறாள் சிங்களத்தில்,
கரிசனையோடுதான்.
பிறவி, என்கிறேன். அப்பாவுடையது.

அப்பா பழைய சோனகத் தெருவில்
ஓர் ஆணிக்கடையில் கணக்கெழுதினார்.
ஆயுளில் அவர் தூக்கிய ஆகப் பெரிய பாரம்
தோலட்டைப் பேரேடு.
நான் அம்மாவின் வயிற்றில் ஏழு மாதம்.
கொட்டாஞ்சேனைச் சுற்றிவளைப்பில்
வரிசையாய் நிறுத்தி
உள்ளங்கைகளில் டோர்ச் அடித்துக்கொண்டே வந்தார்கள்.
அப்பாவிடம் வந்ததும்
வெளிச்சம் நகரவில்லை.
முழங்காலைக் காட்டச் சொன்னார்கள்.
அங்கேயும் இருந்தது.
எந்த முகாம்? எத்தனை வருஷம் தவழ்ந்தாய்?
அவருக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்:
"பிறக்கும்போதே, சேர்."
அதற்கும் அடி.

பதினேழாம் நாள்
பெரியாஸ்பத்திரித் தோல் டொக்டர் மிசிஸ் அபேகோன்
தன் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.
வருத்தத்தின் நீளப் பெயரை
சார்ஜன்ற்றால் வாசிக்க முடியவில்லை.
முத்திரையை வாசித்தார்.
விட்டார்கள்.
அந்தக் கடிதத்தை அப்பா லமினேற் பண்ணினார்.
சட்டை மாற்றும்போது
முதலில் பை மாறுவது அதுதான்,
சண்டை முடிந்து பத்து வருஷத்துக்குப் பிறகும்.

ஞாயிறுகளில் ஒரு பேசின் வெந்நீர், இரண்டு பிடி உப்பு.
அவர் காலும் என் காலும் அதற்குள்.
ஊறியதும் பிளேட்டால் சீவுவார்,
முதலில் என் குதி, பிறகு தன் குதி.
பேப்பரில் விழுந்த சுருள்களில்
எது யாருடையதென்று சொல்ல முடியாது.
அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு மடித்து எறிவாள்.
எங்கள் இரண்டு பேருக்கும்
அந்த மணம் தெரிந்ததேயில்லை.

பெரியவர் ஒருவரைக் கூட்டி வருகிறாள்.
கைரேகை இல்லாவிட்டால் டொக்டர் கடிதம் வேண்டுமாம்.
கைப்பையில் இருக்கிறது. கொடுக்கிறேன்.
மூலைகள் பிரிந்த பிளாஸ்டிக்,
உள்ளே பழுத்த தாள்.
மூக்குக்கண்ணாடியை இறக்கி நெடுநேரம் பார்க்கிறார்.
திகதி தொண்ணூற்றாறு.
பெயர் ஆம்பிளைப் பெயர், பத்மசீலன்.
இது நீங்கள் இல்லையே, மிஸ்?
கை அதுதான், என்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. கோபிக்கவுமில்லை.
இரண்டு கையாலும் திருப்பித் தருகிறார்.
புதுசு ஒன்று எடுத்துக்கொண்டு புதன்கிழமை வாருங்கள்.

அப்பாவின் கை கேட்காததையெல்லாம் சொல்லிற்று.
என் கை
கேட்டாலும் வாயைத் திறக்காது.

பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைக்கிறது.
மடியில் ஆதவன், எட்டு மாதம்,
இன்னும் எதையும் மிதித்ததில்லை.
பாதிக்குப் பாதி என்றார்கள் கிளினிக்கில்,
காசு சுண்டுவதுபோல்.
முதல் வருஷத்துக்குள் தெரிந்துவிடுமாம்.
இரவில் அவன் நித்திரையானதும்
குதியைப் பிடித்துப் பார்க்கிறேன்.
என் விரலுக்கு எல்லாம் ஒன்று,
பட்டும் சாக்கும் ஒன்று.
அதனால் குனிந்து
உதட்டை வைத்துப் பார்க்கிறேன்.

நேற்று மெத்தென்றிருந்தது.
இன்று காலையிலேயே மேஸ் போட்டுவிட்டேன்.
மருதானைச் சந்தியில் பஸ் நிற்கிறது,
நின்றுகொண்டேயிருக்கிறது.
அவன் ஒரு மேஸை உதைத்துக் கழற்றுகிறான்.