குடையோடு நிற்பவள்

ஒன்பது நாளாக
வாசற்படியில் நிற்கிறாள் ஜெசிந்தா.
நனைந்த குடையை மடக்கவும் இல்லை,
கதவைத் தட்டவும் இல்லை.
முப்பத்தாறாம் அத்தியாயத்தின் கடைசி வரியில்
நான் விட்டுவிட்டு வந்த அதே படி.

உள்ளே போவாளா, திரும்பிவிடுவாளா
என்பது ஜெயக்கொடிக்குத் தெரிந்தாக வேண்டும்,
வியாழன் மாலை ஆறு மணிக்குள்.
"அச்சு மெஷினுக்கு உங்க மூடெல்லாம் தெரியாது மேடம்"
என்றார், மரியாதையாகத்தான்.
இங்கே மூடு எங்கே இருக்கிறது,
மூடுபனிதான் இருக்கிறது.

கோயம்புத்தூரில் எழுத முடியவில்லை என்றுதான்
கோத்தகிரியில் அறை பிடித்தேன்.
அங்கே பக்கத்து வீட்டு மிக்ஸி,
மாடியில் யாரோ தினமும் இழுத்துப்போடும் கட்டில்.
இங்கே ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததை வேடிக்கை பார்க்கவே
காலை முழுக்கப் போய்விடுகிறது.

எதிர்ச்சரிவுத் தேயிலையை
வரிசை வரிசையாக அழித்துக்கொண்டு வரும் பனி.
அழிப்பதில் என்னைவிடத் தேர்ந்த கை.
சில்வர் ஓக் மரங்களை மட்டும் விட்டுவைக்கும்,
பிறகு அவற்றையும் அடித்துவிடும்,
பிறகு என்ன நினைத்ததோ
ஒரே ஒரு தகரக்கூரையைத் திருப்பி எழுதும்.

போஜனின் முட்டைக்கோஸ் பாத்தியில்
காட்டெருமை புகுந்த அன்று
நானும் விரட்டப் போனேன்.
யாரும் கூப்பிடவில்லை.
சாப்பாட்டுத் தட்டும் கரண்டியுமாக
முக்கால் மணி நேரம் ஊருக்கு உழைத்தேன்.
அது என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தது,
எழுத வந்தவள்தானே நீ, என்பதுபோல.

இன்று வியாழன்.
மத்தியானம் இரண்டு மணிக்குப் போனைக் கொண்டுபோய்ச்
சைதலவியின் பேக்கரியில் ஒப்படைத்தேன்.
ஆறுக்கு முன்னால் நானே கேட்டாலும் தராதீங்க.
அழுதாலும்.
அவர் அதை ரஸ்க் டப்பாவுக்குள் போட்டு
மூடியைத் திருகினார்.

மூன்றரைக்குப் போனேன்.
"மழை வருமான்னு பார்க்கணும்."
அவர் வெளியே கை நீட்டி
நனைந்த உள்ளங்கையைக் காட்டினார்.

நாலே காலுக்குப் போனேன்.
"ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்க்கணும்."
"என்ன சொல்லு?"
நான் யோசிப்பதற்குள்
பின்னால் நின்ற பையன்
வர்க்கி வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

திரும்பி நடக்கையில் இலை லாரியின் ஹாரன்.
மேட்டிலிருந்து பெண்கள்
மூட்டைகளோடு ஓட்டமும் நடையுமாக இறங்கினார்கள்.
இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளில் மழை சடசடத்தது.
எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினால்
நன்றாக இருக்கும்.
இல்லை, குளிராக இருந்தது.
செருப்புக்குள் தண்ணீர்.
அறைக்கு வந்து
கால் துடைக்கக்கூட உட்காராமல் நின்றபோது

தும்மினேன்.

ஒன்பது நாள் மழையில் நிறுத்தினால்
அவளும் தும்மத்தானே செய்வாள்?
ஜெசிந்தா தும்மினாள்.
கதவைத் தட்டாதவளின் தும்மல்
கதவைத் தாண்டிப் போனது.
உள்ளேயிருந்து, "யாரது?"

அப்புறம் நான் நிமிரவில்லை.
பனி என்ன அழித்தது, என்ன எழுதியது, தெரியாது.
பேனா ஒருமுறை தீர்ந்தது,
பென்சிலில் போனேன்.
கரண்ட் போனதை
இருட்டிய பிறகுதான் கவனித்தேன்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு
சேலைக்குள் பதினொரு தாளோடு ஓடினேன்.
ரொட்டி அலமாரியின் கண்ணாடிமேல்
ஒவ்வொன்றாக விரித்துப் படம் எடுக்க,
எமர்ஜென்சி விளக்கை ஒரு கையில் பிடித்து
தாளின் சுருளும் முனையை மறு கையால் அழுத்தி
தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தார் சைதலவி.
"உள்ள போயிட்டாளா?"
"பக்கத்தை மறைக்காதீங்க."

கடைசித் தாள் போய்ச் சேர்ந்தபோது ஆறு நாலு.
ஜெயக்கொடியின் பதில் வந்தது:
கிடைத்தது. தும்மல் பிரமாதம்.
அடுத்தது எப்போது?

ரஸ்க் தூளைத் தட்டிவிட்டுத்
தாள்களை அடுக்கினேன்.
கடைசி வரியில்,
தலை துவட்டத் துண்டை நீட்டியபடி
ஒருவன் நிற்கிறான்.
அவள் இன்னும் கை நீட்டவில்லை.

பாவம், அவனுக்குக் கை வலிக்கும்.