பதினோராவது நொடி

பத்தொன்பது நொடிதான் மொத்தமும்.
பெண்கள் கழிப்பறை, ஒன்பதாம் வகுப்புக்குப் பின்புறம்.
முதலில் தெஷாந்த்ரியின் பை விழுகிறது,
அப்புறம் கண்ணாடி,
அப்புறம் தரை துடைத்த வாளித் தண்ணீர்
அவள் தலைமேல்.
யாரோ அவள் திக்குவாயைத் திருடி
அவள் பெயரையே உடைத்துக் காட்டுகிறார்கள்:
தெ தெ தெ.

எடுத்தவள் கார்லீஷா.
அனுப்பியவள் கார்லீஷா.
நான் கதவோரம் நின்றேன், அவ்வளவே.

இதைத்தான் எனக்கு நானே
நான்கு நாளாய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்,
பாட்டை அலறவிட்டு ஹிக்கின்சன் சாலையில் இறங்கும் பேருந்தில்,
பன்னி சவ் வாங்கும் வரிசையில்,
செவ்வாய்க்கிழமை கோயிலில் விபூதி பூசும்போதுகூட.

வியாழன் இரவு மின்வெட்டு.
அட்டவணைப்படி எட்டு முதல் பத்தரை.
கோபுரமும் செத்து நெட்வொர்க் போய்
சாட்ஸ்வொர்த் ஏழாம் யூனிட் முழுக்க இருட்டு.
அது மட்டும் என் போனில் இறங்கிக் கிடந்தது.
அதற்கு மின்சாரம் வேண்டாம், கோபுரம் வேண்டாம்.
காதில் கருவியை மாட்டிக்கொண்டு
திரையைக் கவிழ்த்து வைத்து
முதல்முறையாகக் கேட்டேன்.

பதினோராவது நொடியில் ஒரு சிரிப்பு.
மூக்கில் தொடங்கி விக்கலில் முடியும் சிரிப்பு.
கோழி மாதிரி இருக்கிறது என்று
என் அண்ணன் பிரனேஷன் கேலி செய்யும்
அதே சிரிப்பு.

கார்லீஷாவிடம் போன் இருந்தது.
என்னிடம் அது இருந்தது.
அது இல்லாவிட்டால்
அவள் யாருக்காக எடுத்திருப்பாள்?

மறுபடி ஓட்டினேன், இப்போது பார்த்தபடி.
பதினாறில் ஒரு கை.
முகம் இல்லை; திரை ஓரத்தில் கை மட்டும்
பச்சை ஜெர்சி ஒன்றை நீட்டுகிறது.
முன்னூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள்.
அழுகைப் பொம்மை, சிரிப்புப் பொம்மை, நெருப்புப் பொம்மை
எல்லாம் போட்டார்கள்.
கைக்கு ஒன்றும் இல்லை.

மணிக்கட்டில் சிவப்பு மணி கோத்த கயிறு.
நொக்வாண்டா.
கணக்கு வகுப்பில் கடைசி பெஞ்ச்.
அந்த வாரம் முழுக்க ஜெர்சி இல்லாமல் வந்து
சீருடை விதியை மீறியதாக
மதியத்தில் தண்டனைக்கு உட்கார்ந்தவள்.
ஜூன் மாதக் காற்று.
காரணம் கேட்டபோது
தொலைத்துவிட்டேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில்
திருமதி மூட்லி கேட்டார்: எடுத்தது யார்?
நான் பதினோராவது நொடியைப் பற்றிச் சொன்னேன்.
அவர் பேனாவை எடுக்கவில்லை.
எடுத்தவள் பெயரைச் சொன்னபோதுதான் எழுதினார்.
அது எளிதாக இருந்தது.
எளிதாக இருந்ததே வெட்கமாக இருந்தது.

தெஷாந்த்ரி டக்‌ஷாப்புக்குப் பின்னால் தனியாக.
அதே கண்ணாடி, நடுவில் டேப் ஒட்டி.
பேருந்தில் பத்து முறை ஒத்திகை பார்த்த சொல்
வாய்க்கு வந்ததும் முரண்டு பிடித்தது.
ம...
ம...
அவள் காத்திருந்தாள்.
என் சொல்லை எடுத்து முடித்துத் தரவில்லை,
வேறு பக்கம் பார்க்கவில்லை.
எப்படிக் காத்திருக்க வேண்டும் என்று
எங்கள் பள்ளியில் அவளுக்குத்தான் தெரியும்.

கடைசியில் கேட்டாள்:
அழித்துவிட்டாயா?
அழித்துவிட்டேன்.
மற்றவர்கள்?

மணி அடித்தது.
அவள் எழுந்து போனாள்.
மன்னித்தாளா என்று
இதுவரை நான் கேட்கவில்லை.
கேட்பது இன்னொரு வாளித் தண்ணீர் போலத் தோன்றுகிறது.

திங்கள், பேருந்து நிறுத்தம்.
எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் இடது காலணியை
யாரோ தகரக் கூரைமேல் எறிந்தார்கள்.
ஒற்றைக் காலில் அவன் தத்தினான்.
மூன்று போன்கள் உயர்ந்தன.
எனக்கும் மூக்குவரை வந்துவிட்டது, பழக்கம்.
விழுங்கினேன். வலித்தது,
மீன்முள் போல.

பையைக் கீழே வைத்தேன்.
கூரை உயரம், பிடிக்க ஏதும் இல்லை.
திரும்பினால் நொக்வாண்டா,
இன்னும் ஜெர்சி இல்லை,
இரண்டு கை விரல்களையும் கோத்து
படியாக்கிக் குனிந்து நிற்கிறாள்.

ஏறு, என்றாள்.
சீக்கிரம், பஸ் வருது.