ஐந்நூறு மில்லி

காலை ஆறே கால்.
வியாசர்பாடி உந்து நிலையத்தில்
இரும்பு மூடியைத் தள்ளினால்
முதலில் முகத்தில் அடிப்பது நாற்றமில்லை,
சூடு.
ஊர் இப்போதுதான் எழுந்து
பல் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

எத்திராஜ் அண்ணன் வாளியில் கயிறு கட்டுகிறார்.
முடிச்சுப் போட்டதும் இரண்டு தரம்
இழுத்துப் பார்க்கிறார்,
கீழே ஆள் இறங்கப்போவதுபோல.
அதைப் பற்றி நான் கேட்டதில்லை.
அவரும் சொன்னதில்லை.

வாளி ஏறி வருகிறது.
அரிசி களைந்த வெள்ளை, சோப்பு நுரை,
கிழிந்த ஷாம்பூ உறை ஒன்று,
தீபாவளிக்கு மறுநாளாகையால்
மேலே நல்லெண்ணெய் ஒரு மெல்லிய தோல்.
ஏழாயிரம் வீட்டுக் காலைப்பொழுது
ஒரே நிறத்தில்.
அதில் ஐந்நூறு மில்லி எனக்கு.

சீட்டில் எழுதுகிறேன்:
தேதி, நேரம், நிலைய எண்.
பெயருக்கு அதில் கட்டம் இல்லை.
எத்தனை நாளாகக் காய்ச்சல்,
வீட்டில் வேறு யாருக்கு,
கதவு கதவாகத் தட்டிக் கேட்டபோது
"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று சாத்திய ஊர்
இப்படிக் கேட்காமலே சொல்லிவிடுகிறது.

ஐஸ் பெட்டி ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே.
மூலக்கொத்தளம் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்
எட்டிப் பார்த்தார்:
"இன்னாக்கா, வஞ்சிரமா?"

ஆய்வகத்தில் வடிகட்டி, சுழற்றி,
கிருமியின் ஓட்டை உடைத்து
இயந்திரத்துக்குள் வைத்தால்
நாற்பது சுற்று.
கோடு எந்தச் சுற்றில் தலைதூக்குகிறது
என்பதுதான் சேதி. முந்தி எழுந்தால்
கூட்டம் அதிகம்.
போன வாரம் முப்பத்தாறு.
இன்று முப்பத்தொன்று.
நசீபா திரையைத் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தாள்.
ஐந்து சுற்று; அவிழ்த்துப் பார்த்தால்
முப்பது மடங்கு.

சுகாதார நிலையத்தில் இன்னும் வரிசை இல்லை.
மருந்துக் கடையில் வழக்கமான தைலம்தான் போகிறது.
டீ மாஸ்டர் தோள்துண்டில் மூக்கைத் துடைத்தார்.
"சளியா?"
"தூசிம்மா. கன்டெய்னர் லாரி."
கையெழுத்து விழும்வரை அறிக்கை
என் வாய்க்குள் இருக்க வேண்டும்.
"வெந்நீர் குடிங்க" என்றேன்.
டீக்கடையில் நின்று சொல்கிற சொல்லா அது,
அவரே சிரித்துவிட்டார்.

சுவரில் வரைபடம்.
நீலக் கோடெல்லாம் எங்களுக்கு வரும் குழாய்.
முல்லை நகரைச் சுற்றி, சந்து சந்தாய் நுழைந்து,
கேப்டன் காட்டன் கால்வாய் ஓரம் வந்ததும்
கோடு நின்றுவிடுகிறது.
அங்கே வீடுகள் நிற்கவில்லை,
தகரமும் பிளக்ஸ் பேனருமாய்
தண்ணீர் விளிம்புவரை போகின்றன.
அந்த வீடுகளின் காய்ச்சல்
நேராகக் கால்வாயில் விழுந்து,
பக்கிங்காம் பிடித்து,
எண்ணூர் வழியாகக் கடலுக்குப் போய்விடும்.
என் வாளியைத் தொடாது.

எத்திராஜ் அண்ணன் வீடு அங்கேதான்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை.
பதிலுக்கு ஒரு பையன்,
காதில் பாட்டு மாட்டியபடி.
"அண்ணனுக்கு ஜுரம்கா.
ஒடம்பு கொதிக்குதாம். பொண்ணுக்கும்."

அன்றைய எண் இருபத்தொன்பது.
ஊரே கேட்கும் எண்.
படுக்கைகள் தயாராகும், மாத்திரை வந்திறங்கும்,
பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை போகும்.
அந்த இருபத்தொன்பதில்
வாளியை இழுத்தவர் இல்லை.

ஆனால் இது அப்புறம் தெரிந்த கணக்கு.
காலையில், மூடி திறந்தபோது,
மழை தூறத் தொடங்கியிருந்தது.
மழை பெய்தால் எல்லாம் நீர்த்துப்போகும்,
சீக்கிரம் எடுக்க வேண்டும்.
பையன் வாளியை விடப் போனான்.
"இரு" என்றேன்.

கயிற்றை வாங்கி
இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.