மூன்றாவது விளக்குக்கம்பம்

நாலு ஐம்பதுக்கு வீட்டுப் பூட்டு,
நாலு ஐம்பத்திரண்டுக்குச் சைக்கிள் பூட்டு.
சாவியை வாயில் கவ்விக்கொண்டு
கையுறை போடுகிறேன்.
பெப்ரவரியில் சாவிக்கு ஒரு ருசி உண்டு.

ஏற்றமே இல்லாத ஊர் பிரேமன்.
அந்தக் குறையைக் காற்று தீர்த்துவைக்கிறது.
போகும்போது முகத்தில் அடிக்கும்.
திரும்பும்போதாவது முதுகைத் தள்ளுமென்று பார்த்தால்
மத்தியானத்துக்குள் அதுவும்
ஷிஃப்ட் மாறிவிடுகிறது.

சந்தியில் சிவப்பு.
நாலு பக்கமும் ஒரு காரில்லை, ஒரு நாயில்லை.
ஒற்றைக் காலை ஊன்றி நிற்கிறேன்,
சிவப்பு மனிதனும் நானும்
ஒருவரையொருவர் பார்த்தபடி.
வந்த புதிதில் ஒருநாள் கடந்துவிட்டேன்.
எங்கோ மேலே ஒரு யன்னல் திறந்து
ஒரு குரல் திட்டியது.
அன்றிலிருந்து யன்னல்களுக்காக நிற்கிறேன்.

ஆறு வரும் முன்பே வாசனை வரும்.
கோப்பி வறுக்கிற மணமென்றால் ஒரு காற்று,
புளித்த பார்லி மணமென்றால் இன்னொன்று.
முழங்காலுக்கு இன்றைக்கு எவ்வளவு வேலையென்று
மூக்குத்தான் முதலில் சொல்லும்.

பாலத்தில் அவர் வருவார்.
பெயர் தெரியாது. முகமும் பாதிதான்:
மேலே ஹெல்மெட், கீழே கழுத்துத்துணி.
பின்னால் ஒரு நீலப் பெட்டி.
முன்விளக்கு மட்டும் விட்டு விட்டு எரியும்,
குலுக்கலில் பற்றி, சமதரையில் அணைந்து.
இரவு வேலை முடிந்து போகிறவர் போலும்.
தலையை ஒரு விரலளவு அசைப்போம்.
நாலு வருடமாக அவ்வளவுதான்.

மூன்றாவது கம்பத்தடியில் கண்டால்
நான் நேரத்துக்கு.
முதலாவதில் கண்டால் இரண்டு நிமிடம் பிந்தல்.
பாலத்துக்கு இப்பால், பேக்கரி வாசலில் என்றால்
எழும்பி நின்று மிதிக்கவேண்டும்.
வைத்தியசாலை நிலவறையில்
முதல் தட்டுக் கத்தரிகளை எண்ணி
நீராவிக்குள் அனுப்புகிற கை என்னுடையது.
ஏழரைக்கு யாரோ ஒருவரின் வயிறு திறக்கப்படும்.
அது பஞ்சர் கதையெல்லாம் கேட்காது.

போன சனிக்கிழமை கடையில்
வெற்றுப் போத்தல் வாங்கும் இயந்திரத்தின் முன் வரிசை.
எனக்கு முன்னால் நின்றவர்
கால்சட்டைக் கரையில் ஒளிப்பட்டியைக் கழற்ற மறந்திருந்தார்.
நான் பட்டியைப் பார்க்க,
அவர் திரும்பி என் மஞ்சள் மழைக்கோட்டைப் பார்த்தார்.
"பாலம்?" என்றார்.
"பாலம்," என்றேன்.
ஹெல்மெட் இல்லாத தலை வழுக்கை.
பார்க்கக் கூடாததைப் பார்த்தவள்போல் கூச்சமாக இருந்தது.

"செவ்வாய்க்கிழமை நீங்கள் பிந்திவிட்டீர்கள்."
"இல்லை, நீங்கள்தான் முந்தி வந்தீர்கள்."
"நானா? உங்களைக் கண்டுதானே
மகன் எழும்ப இன்னும் எவ்வளவு நேரமென்று
நான் கணக்குப் பார்ப்பது."

அப்படியானால் நாலு வருடமாக
ஒரு மணிக்கூடு இன்னொரு மணிக்கூட்டைப் பார்த்துத்
தன்னைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறது.

இயந்திரம் அவருடைய போத்தல்களை விழுங்கியது.
ஒன்றை மட்டும் துப்பியது.
வேறென்ன பேசுவது?
"உங்கள் விளக்கு விட்டு விட்டு எரிகிறது," என்றேன்.
"அப்படியா," என்றார்,
ஏதோ நோயைக் கண்டுபிடித்துச் சொன்னதுபோல.

திங்கள். தூறல். கண்ணாடியெல்லாம் துளி.
முதலாவது கம்பம், இல்லை.
மூன்றாவது, இல்லை.
ஐந்தாவதருகே யாரோ,
இமைக்காத வெள்ளை வெளிச்சம்,
கண்ணைக் கூசவைத்துக் கடந்து போனது.
பின்னால் ஒரு பெல் கிணுங்கியது.
யாருக்கோ என்று விட்டுவிட்டேன்.

அவர் போயே விட்டார், நான் அவ்வளவு பிந்தல்.
மிதித்தேன்.
சங்கிலி கத்தியது, மழைக்கால்சட்டை கத்தியது,
சிவப்பு மனிதன்கூடப் பயந்து பச்சையானான்.

வைத்தியசாலை வாசலில் மணிக்கூடு:
பதினொரு நிமிடம் முந்தி.

நிலவறையில் விளக்கைப் போட்டேன்.
கழுத்து வியர்வை குளிர்ந்தது.
கத்தரிகள் நாற்பத்திரண்டு.
நேரம் கிடந்ததால் இன்னொருமுறை எண்ணினேன்.
இருபத்தேழில்தான்
அந்த பெல் எனக்குக் கேட்டது.