பூச்சியத்துக்குக் கீழே

படிவம் பேராதனையில் அச்சடித்தது.
முதற் கட்டமே ஐந்நூறு மீற்றரில் தொடங்குகிறது.
கன்னியாவுக்குப் பின்னால் எழும் எங்கள் குன்று
நூற்று முப்பத்தொன்றில் முடிந்துவிடுகிறது.

"இதன்படி பார்த்தால்
திருகோணமலையில் ஒரு மிருகமும் இல்லை"
என்றாள் பர்ஹானா.
அடிமட்டம் வைத்து, நீலப் பேனையால்,
தாளின் ஓரத்தில் நாங்களே கோடு போட்டோம்:
பூச்சியம். பத்து. நாற்பது. தொண்ணூறு.

பூச்சியத்தில் மான்கள்.
கோட்டை வாசலால் இறங்கி வந்து
பஸ் நிலையத்தில்
லஞ்ச் சீற் மெல்லுகிற புள்ளிமான்கள்.
ஒன்றின் கொம்பில் தங்கூசி வலைத் துண்டு,
மணமகள் முக்காடுபோல.
எண்ணி முடிக்குமுன் கொழும்பு பஸ் ஹோர்ன் அடித்தது.
திரும்பவும் ஒன்றிலிருந்து.

பத்தில், வயல் வரம்பில்,
நண்டோடு கலந்த நரியின் எச்சம்.
மீன்பிடிப்பூனையைக் காணவில்லை.
களப்புச் சேற்றில்
அதன் நாலு விரல் மட்டும் எங்களைப் பார்த்தது.

வெந்நீர்க் கிணறுகள் கடந்ததும் ஏற்றம்.
பாலை மரத்தில் மந்திகள்.
என்ன உயரம் எழுதுவது?
மரம் நிற்கும் நிலமா
மந்தி குந்தியிருக்கும் கிளையா?
அரை மணிநேரம் வாதாடினோம்.
அதற்குள் அவை
கணக்குக்கு வெளியே பாய்ந்துவிட்டன.

கரடி, புற்றில் கீறிய நகமாய்.
அழுங்கு, ஒரு செதிலாய்.

யானைக்குக் கோடு தெரியாது.
ஒரே இரவில் மூன்று கட்டங்களையும் கடந்தது;
போகிற போக்கில்
ஐந்தாம் கமராவைக் கழற்றி மிதித்தது.
கடைசிப் படத்தில்
தும்பிக்கை நுனியின் ஈரம்,
அதற்குமேல் ஒன்றுமில்லை.

தொண்ணூற்றுக்கு மேல் முள்ளுக்கம்பி.
அனுமதிக் கடிதம் வரப் பதினாறு நாள்.
வந்தபோது
என் பெயரில் ஓர் எழுத்தும்
பர்ஹானாவின் பெயரில் இரண்டும் குறைவு.
உச்சியில் கமரா பதினான்கு இரவு விழித்திருந்தது.
கீரி, மூன்று படம்.
மிச்சம் இருநூற்றுப் பதினொன்றும்
காவலரண் பொடியன்:
சிக்னல் தேடிக் கைபேசியை வானுக்கு நீட்டி,
பாறையில் ஏறி,
யாரோ ஒருத்தியோடு சிரித்து,
ஒருநாள் அதிகாலை
தனியே குந்தியிருந்து அழுது.

"இதுவும் பாலூட்டிதானே."
அவள் பகிடியாகத்தான் சொன்னாள்.
ஒவ்வொன்றாய் அழித்தோம்.
உயரம் நூற்று முப்பத்தொன்று,
கீரி ஒன்று, என்று எழுதினேன்.

பின்னேரம் உப்புவெளிக் கரையில்
படிவத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம்.
தூரத்தில் கடல் ஒருமுறை மூச்சு விட்டது.
வெண்புகை எழுந்து சரிந்தது.
பிறகு வால், அகலமாய், அவசரமில்லாமல்,
உள்ளே போயிற்று.

பர்ஹானா என்னைப் பார்த்தாள்.
பூச்சியத்துக்குக் கீழே தாளில் இடமில்லை.
தாளைத் திருப்பினேன்.
வலையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த
சவிரிமுத்து அண்ணரிடம்
அந்த இடம் எவ்வளவு ஆழம் என்று கேட்டேன்.

அவர் தலை நிமிரவில்லை.
"நூல் விட்டுப் பாத்தனாங்கள், பிள்ளை.
நூல்தான் முடிஞ்சது."